ஊரை நோக்கி நடந்த மோவா

மனித குலம் இன்று வரை பிழைத்திருப்பதற்குக் காரணம் நெருப்பும் அல்ல, சக்கரமும் அல்ல. முன்னேற்றக் குழு.

நம்பாதவர்கள் மோவாவைப் பார்க்கட்டும். இறக்கையே இல்லாத பறவை. கழுத்தை நிமிர்த்தினால் எங்கள் ஊர் மதுக்கடையின் கூரைத் தகரத்தை எட்டிக் கொத்தியிருக்கும். கால் ஒவ்வொன்றும் வேலிக் கம்பம். அப்படிப்பட்ட ஜீவன் இந்தத் தீவில் லட்சக்கணக்கான வருடங்கள் ராஜாவாக உலாவிவிட்டு, மனிதன் வந்து இறங்கிய நூறு, நூற்றைம்பது வருடத்துக்குள் பூண்டோடு போய்விட்டது. ஏன் என்று ஆராய்ச்சியாளர்கள் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதுகிறார்கள். என் கருத்து எளிமையானது. மோவாவுக்குத் தலைவர் இல்லை. செயலாளர் இல்லை. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கூடிப் பேச ஒரு மண்டபம் இல்லை. தீர்மானம் நிறைவேற்றத் தெரியாத இனம் எத்தனை நாள் தாங்கும்?

எங்கள் கிர்க்பர்ன் ஊருக்கு இவை எல்லாம் உண்டு. தலைவர் நான்.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே கிடக்கும் எங்கள் தென் தீவின் வரைபடத்தில் கிர்க்பர்னைத் தேடினால், காகிதம் மடிந்து மடிந்து எழுத்து அழிந்த இடத்தில் இருக்கும். எங்கள் ஏற்றுமதி மூன்று: கம்பளி, ஆட்டிறைச்சி, இளைஞர்கள். முதல் இரண்டுக்கும் சந்தை ஏறும் இறங்கும். மூன்றாவதற்கு ஆஸ்திரேலியாவில் எப்போதும் கிராக்கி. நடுவில் கிடக்கும் சமுத்திரத்தை நாங்கள் ‘வாய்க்கால்’ என்றுதான் சொல்வோம். தாண்டுவதற்கு அவ்வளவு சுலபம். என் மகளே தாண்டியவள்தான். தாண்டிய பிறகு வாராவாரம் தொலைபேசியில் “அப்பா, இங்கே வெயில்” என்பாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு எதுவும் இருக்காது.

ஊர் சுருங்குவதைக் குழு கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கவில்லை. மற்ற ஊர்களில் நெடுஞ்சாலை ஓரம் ராட்சதக் காரட், ராட்சத மீன் என்று வைத்திருக்கிறார்கள். பயணிகள் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். நாங்கள் ஒரு ராட்சத டர்னிப் கிழங்கு கட்டத் தீர்மானித்தோம். இலையை எந்தப் பச்சையில் அடிப்பது என்ற விவாதம் முடிவதற்குள் நிதி முடிந்துவிட்டது. ஆகவே கிழங்கு மட்டும் நிற்கிறது. வெள்ளையாக, உருண்டையாக, பாதி மண்ணில் புதைந்து. பயணிகள் இப்போதும் வண்டியை நிறுத்துகிறார்கள். கழிவுநீர்த் தொட்டியில் ஏதோ கோளாறு போல என்று எங்களிடம் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

குழுவில் நாங்கள் நான்கு பேர். செயலாளர் ஷோனா, மதுக்கடை நடத்துபவள். எந்த நெருக்கடிக்கும் ஒரு தட்டு சூடான சீஸ் ரோல் கொண்டுவருவாள். பொருளாளர் ஹாமிஷ், கூட்டம் தொடங்கியதும் காதுக் கருவியை அணைத்துவிட்டு, பக்கத்தில் கை உயர்வதைப் பார்த்துத் தன் கையையும் உயர்த்துவார். ஒற்றை ஆசிரியர் பள்ளியின் அந்த ஒற்றை ஆசிரியை ரீபெகா. அவளுக்குப் பதவி எதுவும் இல்லை. கேள்வி கேட்பதை அவளாகவே எடுத்துக்கொண்டாள். இந்தத் தீவில் அவளுடைய மாவோரி முன்னோர் எங்கள் ஸ்காட்லாந்து முன்னோருக்கு எத்தனையோ தலைமுறை முன்னால் வந்து இறங்கியவர்கள். அதனால் கேள்வி கேட்கும் அனுபவமும் அதிகம்.

அந்த வசந்தத்தில் ஓடையில் வெள்ளம் வந்து வடிந்த மறுநாள், ஃபெர்கஸ் மதுக்கடைக்குள் ஒரு காலில் பூட்ஸோடும் மறுகாலில் சேறோடும் நுழைந்தான். பொக்லைன் ஓட்டுபவன். ஊரில் குழி தோண்டுவது, கான்கிரீட் போடுவது, பம்பு பழுது பார்ப்பது, பனியில் சிக்கிய வண்டியை இழுப்பது எல்லாம் அவன்தான். மனைவி லோர்னா, மூன்று பிள்ளைகள். ஓடைக்கரையில் எனக்குச் சொந்தமான வீட்டில் பத்து வருடமாக வாடகைக்கு இருந்தான்.

“தலைவரே, ஓடையில ஒரு கோழித் தடம் கிடக்கு.”

“கோழின்னா தடம் இருக்கத்தான் செய்யும்.”

“சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கு.”

“குடிச்சிருக்கியா?”

“இனிமேத்தான்” என்று ஷோனாவிடம் ஒரு பீர் கேட்டான். பிறகு விவரம் சொன்னான். மீன் பிடிக்கப் போனவனின் பூட்ஸ் களிமண்ணில் புதைந்துவிட்டது. பூட்ஸை எடுக்கக் கையை விட்டவனுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. மூன்று விரல். அவன் கையை முழுக்க விரித்து வைத்தும் பள்ளம் நிறையவில்லை.

மறுநாள் குழு முழுவதும் ரப்பர் பூட்ஸ் அணிந்து ஓடையில் இறங்கியது. ஹாமிஷ் கரையில் காவல் இருந்தார், எதற்கு என்று அவருக்கும் தெரியாது. முழங்கால் ஆழத் தண்ணீருக்கடியில், சாம்பல் நிறக் களிமண்ணில், ஒன்றன் பின் ஒன்றாக அந்தத் தடங்கள் கிடந்தன. நேற்று நடந்த மாதிரி. நான் தொப்பியைக் கழற்றினேன். ஒரு தலைவர் சரித்திரத்தின் முன் செய்ய வேண்டியது அதுதான்.

ரீபெகா தடங்களைப் பார்த்தாள். பிறகு சேற்றில் அவற்றுக்குப் பக்கத்தில் பதிந்திருந்த என் தடத்தைப் பார்த்தாள்.

“தலைவரே, உங்களுது தனியாத் தெரியுது. அடியில என்ன, முத்திரையா?”

“ஒட்டு. சைக்கிள் டியூப் வெட்டி நானே போட்டேன். புதுசு வாங்குறவன் சோம்பேறி.”

“இடது கால்ல மட்டும் சதுரமா விழுது பாருங்க” என்றாள். இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பின் நடுவே ஒரு ஆசிரியைக்குக் கண் எங்கே போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து அவள் கேட்டதுதான் வினை.

“விரல் எந்தப் பக்கம் பார்த்திருக்குன்னு கவனிச்சீங்களா?”

கவனித்தோம். விரல்கள் நெடுஞ்சாலையைப் பார்த்திருந்தன. நெடுஞ்சாலையில் போனால் நகரம். நகரத்தில் விமான நிலையம். விமானம் ஏறினால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்.

“அதுவுமா” என்றாள் ஷோனா.

நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து டாக்டர் வெரிட்டி வந்தார். தடம் படிப்பதே தொழில். மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. தரையைப் பார்த்துத்தான் பேசுவார். ஆளைவிட அங்கே விஷயம் அதிகமாம். ஓடையில் மண்டியிட்டு, அளந்து, தடவி, அரை நாள் கழித்து எழுந்தார்.

“வளர்ந்த பறவை. நல்ல கனம். அவசரமே இல்லாம நடந்திருக்கு. இதோ இந்த இடத்துல கொஞ்சம் நின்னிருக்கு, பாருங்க, ரெண்டு காலும் சேர்ந்து அழுந்தியிருக்கு. அப்புறம் போயிடுச்சு.”

“நின்னு ஊரைத் திரும்பிப் பார்த்திருக்குமோ?” என்றேன்.

“இது மனுஷங்க வர்றதுக்கு ரொம்ப காலம் முன்னாடிங்க. அப்ப இங்க ஊரே இல்ல.”

“அதனாலதான் போயிருக்கு” என்றேன். ஷோனா அதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டாள்.

ஒரு விடியற்காலையில் ரீபெகாவின் உறவில் பெரியவர்கள் வந்து ஓடைக்கரையில் நின்று பிரார்த்தனை சொன்னார்கள். ஃபெர்கஸ் பொக்லைனால் தண்ணீரை ஒதுக்கிக் கொடுத்தான். களிமண்ணைப் பாளம் பாளமாக வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, கைக்குழந்தைபோல வண்டியில் ஏற்றினார்கள். நிஜத் தடங்கள் நகரத்துக்குப் போய்விட்டன. எங்களுக்கு அதே அளவில் ஒரு ரப்பர் அச்சு கொடுத்தார்கள். ஈரக் கான்கிரீட்டில் அழுத்தினால் மோவா மிதித்த மாதிரியே விழும்.

அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டம் கிர்க்பர்ன் சரித்திரத்தில் பொன்னெழுத்துகளில் பொறிக்கத் தக்கது. நெடுஞ்சாலையில், டர்னிப்பின் அடியிலிருந்து, பள்ளி வாசல் வழியாக மண்டபம் வரை ஒரு கான்கிரீட் நடைபாதை. அதில் மோவாவின் தடங்கள். இதுவரை எதிர்ப்பு இல்லை.

“திசை?” என்றாள் ஷோனா, பேனாவை உயர்த்தி.

“ஊரை நோக்கி” என்றேன்.

“பறவை வெளியேதான போச்சு” என்றாள் ரீபெகா.

“அது பறவையோட தனிப்பட்ட முடிவு. குழு அதை ஆமோதிக்கணும்னு கட்டாயம் இல்ல.”

“அப்ப பொய்த் தடம் வைக்கப் போறோம்.”

“பொய் இல்லம்மா. ‘திசை மேம்பாடு’.”

ஷோனா ‘திசை மேம்பாடு’ என்று எழுதினாள். நான் கை தூக்கினேன். ஷோனா தூக்கினாள். ஹாமிஷ் தூக்கினார். மூன்றுக்கு ஒன்று. பல லட்சம் வருடம் முன்பு வெளியேறிய ஒரு பறவையை, அரை மணி நேரத்தில், ஒரு பைசா பயணப்படி இல்லாமல் ஊருக்குத் திருப்பி அழைத்து வந்தோம்.

இரண்டாவது தீர்மானம் தங்குமிடம். பறவையைப் பார்க்க வருகிறவர்கள் இரவு எங்கே தங்குவார்கள்? தடம் கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, ஓடை தெரிகிற மாதிரி ஒரு வீடு இருந்தால் நல்லது என்று குழு கருதியது. அப்படி ஒரு வீடுதான் இருந்தது. அது தற்செயலாக என்னுடையது. நான் உடனே எழுந்து, இதில் எனக்குச் சொந்த நலன் இருக்கிறது என்று வெளிப்படையாக அறிவித்தேன். வாக்களிக்கவும் இல்லை. தலைமை மட்டும் தாங்கினேன். நேர்மை என்பது இதுதான்.

“அந்த வீட்டுல ஃபெர்கஸ் இருக்கான்” என்றாள் ரீபெகா.

“தற்போதைக்கு.”

“அவன்தான் தடத்தையே கண்டுபிடிச்சான்.”

“அதுக்காக நன்றித் தீர்மானம் இருக்கே. மூணாவதா வருது.”

ரீபெகா சீஸ் ரோல் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“தலைவரே, நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். பள்ளியில எட்டுப் பிள்ளைங்க. அதுல மூணு அவனோடது. வேற வாடகை வீடு இந்தப் பள்ளத்தாக்குல கிடையாது, எல்லாத்தையும் விருந்தாளிக்கு விட்டாச்சு. அவன் போனா மூணு போகும். மிச்சம் அஞ்சை வச்சுப் பள்ளி நடத்த அரசாங்கம் விடாது, போன்லயே சொல்லிட்டாங்க. பள்ளி போனா அந்த அஞ்சும் போகும். மோவாவை எங்க ஆளுங்க தின்னு தீர்த்தாங்கன்னு வருஷா வருஷம் நானே பாடம் எடுக்கிறேன். அவங்களுக்குப் பசிச்சுது. உங்களுக்கு என்ன?”

கனமான கேள்வி. கனமான கேள்விகளுக்குக் குழுவிடம் ஒரு நடைமுறை உண்டு. ‘குழந்தைகள் எதிர்காலத் துணைக்குழு’ அமைத்தோம். உறுப்பினர் ரீபெகா மட்டும்.

ஃபெர்கஸ் என்னைத் தேடி வந்தான். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கிழிந்த காலுறையோடு சமையலறையில் நின்றான்.

“லோர்னா சொன்னா. நெஜமா?”

“உனக்கு முறைப்படி அவகாசம் உண்டு ஃபெர்கஸ். கிறிஸ்துமஸுக்கு முந்தி காலி பண்ணினாப் போதும்.”

“வாடகையை ஏத்துறதுன்னா ஏத்திக்கோங்க. முடிஞ்ச வரை தர்றேன்.”

“இது வாடகைப் பிரச்சனை இல்லப்பா. ஊர்ப் பிரச்சனை. ஊருக்கு ஜனம் வரணும். ஜனம் வரணும்னா தங்க இடம் வேணும். இடம் வேணும்னா...”

“இருக்கிற ஜனம் போகணும்.”

“நீ சுருக்கிச் சொல்ற” என்றேன்.

அவன் சிரித்தான். என் குழாய் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, பேச்சுவாக்கில் கையாலேயே இறுக்கிவிட்டான். இன்று வரை சொட்டவில்லை.

“மேற்கு ஆஸ்திரேலியாவுல என் அண்ணன் சுரங்கத்துல இருக்கான். அங்க இருக்கிற பொக்லைன் நம்ம மண்டபம் பெருசு இருக்குமாம். வாடான்னு மூணு வருஷமாக் கூப்பிடுறான். பிள்ளைங்களுக்கு இந்த ஓடை பிடிக்கும்னு நான்தான் தள்ளிப் போட்டேன்.”

“ஓடை எங்கயும் போகாது.”

“ஆமா. அது ஒண்ணுதான்” என்றான். கதவருகே நின்று, “நடைபாதைக்கு நானே கான்கிரீட் போட்டுத் தர்றேன் தலைவரே. ஒத்துக்கிட்ட வேலை” என்றான். பார்த்தீர்களா, முன்னேற்றத்தின் மீது சாமானியனுக்கு இருக்கும் பற்று.

பள்ளியின் கடைசி நாளில் கான்கிரீட் போடப்பட்டது. பள்ளிக்கு உண்மையிலேயே கடைசி நாள். அந்தச் செய்தி முந்தைய வாரம்தான் வந்திருந்தது. ரீபெகாவுக்குக் கண் சிவந்திருந்தது. எனக்கோ குழுவின் அதிர்ஷ்டத்தை நினைத்து வியப்பு. ‘மோவா விளக்க மையம்’ வைக்கக் கட்டடம் தேடிக்கொண்டிருந்தோம். இதோ, நல்ல வெளிச்சமும் உயரம் குறைந்த எட்டு நாற்காலிகளும் உள்ள கட்டடம் தானாகக் காலியாகிறது.

ஃபெர்கஸ் விடியலிலிருந்து வேலை செய்தான். கான்கிரீட்டை இழுத்துச் சமன் செய்து, ரப்பர் அச்சை வைத்து, அதன் மேல் ஏறி நின்று ஒவ்வொரு தடமாக இறக்கினான். டர்னிப்பிலிருந்து மண்டபம் வரை மோவா கம்பீரமாக ஊருக்குள் நுழைந்தது. நான் சுற்றிலும் கயிறு கட்டினேன். அவனுடைய வண்டி சாலை ஓரத்தில் நின்றது. பின்னால் மெத்தை, சைக்கிள்கள், ஒரு சலவை இயந்திரம், எல்லாம் தார்ப்பாயால் மூடிக் கட்டியிருந்தது. முன் இருக்கையில் லோர்னா நேராகச் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் கையசைத்ததை அவள் கவனிக்கவில்லை.

பள்ளி மணி அடித்தது. ஃபெர்கஸின் மூன்று பிள்ளைகளும் வெளியே வந்தார்கள். எங்களுக்கு டிசம்பர்தான் கோடை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கோடையில் செருப்புப் போடுவதில்லை. பள்ளிக்கும் கடைக்கும் வெறுங்கால்தான். பள்ளி வாசலுக்கும் வண்டிக்கும் நடுவே கிடந்தது என் நடைபாதை.

கடைக்குட்டி பிப்புக்கு ஐந்து வயது. கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள். ஈரக் கான்கிரீட்டில் நடந்து போய், ஒரு மோவா தடத்தின் நடுவில் தன் காலை வைத்து அழகு பார்த்தாள். தடத்தின் ஒரு மூலையைக்கூட அவள் கால் நிரப்பவில்லை. பிறகு தடங்களை எண்ணிக்கொண்டே டர்னிப்பை நோக்கி, வண்டியை நோக்கி நடந்தாள். பறவைக்கு நேர் எதிர்த் திசையில். அவளைப் பிடிக்க அக்கா ஐலா. அவளைப் பிடிக்க அண்ணன் ட்ரூ.

ஒரு தலைவர் இந்த நேரத்தில் என்ன செய்வார்? ஓடினேன். “ஏய், இறங்குங்க, இறங்கிப் போங்க வெளியே” என்று கத்திக்கொண்டே ஓடினேன். சரித்திரத்தைக் காப்பாற்றும் வேகத்தில் நானும் கான்கிரீட்டில்தான் ஓடுகிறேன் என்பது கவனத்துக்கு வரவில்லை. திரும்பிப் பார்த்த பிள்ளைகள் பயந்து ஓட்டம் எடுத்தார்கள். டர்னிப்பைத் தாண்டி, வண்டியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நான் மூச்சிரைக்க ஃபெர்கஸைப் பார்த்தேன். “காயறதுக்குள்ள சரி பண்ணிடுப்பா.”

அவன் நடைபாதையைப் பார்த்தான். மூன்று சோடிச் சின்னக் கால்கள். பின்னால் ஒரு சோடிப் பெரிய பூட்ஸ். நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டான்.

“பூசுற கரணை எல்லாம் சலவை மெஷினுக்கு அடியில போயிடுச்சு தலைவரே.”

“எடுக்க முடியாதா?”

“முடியும்” என்றான். எடுக்கவில்லை. “நல்ல கலவை. கெட்டியா நிக்கும்” என்று சொல்லி வண்டியில் ஏறினான். ஊரில் வேறு யாருக்கும் கான்கிரீட் வேலை தெரியாது. சாயங்காலத்துக்குள் இறுகிவிட்டது.

கோடை பாதி போயிற்று. மிச்சமிருந்த பிள்ளைகளின் குடும்பங்கள் பள்ளி உள்ள ஊர்களுக்குப் பெயர்ந்தன. ரீபெகாவுக்குக் கடற்கரை ஊர் ஒன்றில் வேலை கிடைத்தது. திறப்பு விழா வரை மட்டும் இருப்பதாகச் சொன்னாள். ‘மோவா இல்லம்’ என்று பெயர் மாற்றிய என் வீட்டுக்கு முதல் விருந்தாளிகளாக ஒரு தம்பதி வந்தார்கள். பம்பு ஓடவில்லை. பழுது பார்க்க யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார்கள். ஃபெர்கஸின் எண்ணைக் கொடுத்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசினானாம். எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று அங்கிருந்தே சொல்லிக் கொடுத்தானாம். ஓடியது. விருந்தாளிகள் என்னைவிட அவனைப் பாராட்டிக் கருத்து எழுதிவிட்டுப் போனார்கள்.

ஜனவரிக் கடைசியில் திறப்பு விழா. சிறப்பு விருந்தினர் டாக்டர் வெரிட்டி. கூட்டம் என்று சொல்லத் தக்க அளவில் ஆட்கள் இருந்தார்கள். பாதிப் பேர் டர்னிப்பைப் பற்றிப் புகார் சொல்ல நிறுத்தியவர்கள். மழை தூறியதால் நான் கோட்டும் டையும் ரப்பர் பூட்ஸும் அணிந்திருந்தேன். என் உரை முப்பது நிமிடம். ‘வெளியேறும் காலம் முடிந்தது, வருகையின் காலம் தொடங்கியது’ என்று முடித்து, நாடாவை வெட்ட டாக்டரை அழைத்தேன்.

டாக்டர் வழக்கம்போலத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதைத் திருப்பி வச்சிருக்கீங்களே.”

“திசை மேம்பாடு” என்றேன்.

அவர் கண்கள் வேறு எங்கோ போய்விட்டன. கத்தரிக்கோலை என் கையிலேயே விட்டுவிட்டு, நடைபாதையில் மண்டியிட்டார்.

“அட. அச்சுல போட்டதை விடுங்க. இதுதான் நெஜத் தடம். அற்புதமான தடம்.”

“அது வந்து, டாக்டர், சின்ன விபத்து...”

“இருங்க” என்று கையைக் காட்டினார். தொழிலில் இறங்கிவிட்டார். கூட்டத்துக்குக் கேட்கும்படி, வகுப்பில் பாடம் நடத்துவதுபோல வாசிக்க ஆரம்பித்தார். “மூணு குட்டிங்க. வெறுங்கால். ஊர்ப் பக்கத்திலிருந்து வெளியே போகுது. சின்னதுக்கு அஞ்சு வயசு இருக்கும். இங்க நின்னிருக்கு. பாருங்க, மோவா தடத்துக்குள்ள காலை வச்சுப் பார்த்திருக்கு. பயமே இல்ல. நடை சாதாரணமா இருக்கு.” நகர்ந்தார். “இங்க மாறுது. எட்டு வைக்கிற தூரம் நீளமாகுது. குதிகால் படல, விரல் மட்டும் அழுந்துது. மூணும் ஓட ஆரம்பிச்சிருக்கு. ஏன்?”

கூட்டத்தில் பிள்ளைகள் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பார்கள்.

“இதோ ஏன்னு இருக்கு. பின்னாடி ஒரு பெரிய ஆண். வயசானவன், நல்ல கனம். ரப்பர் பூட்ஸ். வேகமா வர்றான். விரட்டிட்டு வர்றான். டர்னிப் வரைக்கும் விரட்டியிருக்கான். குட்டிங்க அதைத் தாண்டிப் போயிடுது. அவன் மட்டும் நின்னு திரும்பியிருக்கான்.” பூட்ஸ் தடத்தை விரலால் தடவினார். “இடது கால்ல ஒரு ஒட்டு. சதுரமா. ஆளைக் கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம்.”

முதலில் ரீபெகா என் காலைப் பார்த்தாள். பிறகு ஷோனா. பிறகு மொத்தக் கூட்டமும். ஹாமிஷ்கூடக் காதுக் கருவியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான் இடது காலை வலது காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நிலையில் ஒரு தலைவருக்கு உரிய கம்பீரம் வருவது கடினம். மோவாவேகூட அப்படி நின்றிருக்காது.

“குட்டிங்க திரும்பி வந்த தடம் இருக்கா டாக்டர்?” என்றாள் ரீபெகா.

டாக்டர் நடைபாதையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்.

“இல்லையே.”

“பொதுவா ஒரு இனம் ஏன் அழிஞ்சுதுன்னு தடத்தை வச்சுச் சொல்ல முடியாதுன்னு சொல்வீங்க.”

“பொதுவா முடியாது” என்றார் டாக்டர், முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தபடி. “இங்கதான் காரணமும் பக்கத்துலயே பதிஞ்சிருக்கே.”

ஷோனா அதையும் கூட்டக் குறிப்பில் எழுதினாள். அதை அடித்துவிடச் சொன்னேன். பேனாவை மூடிவிட்டாள். கூட்டத்துக்குக் கொண்டுவந்திருந்த சீஸ் ரோல் தட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி ரீபெகாவிடம் போனாள்.

ஆகவே இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் நான் சொன்னதில் ஒரு சிறு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. முன்னேற்றக் குழு இல்லாததால்தான் மோவா அழிந்தது என்றேன். குழு இல்லாத மோவா, அழிந்து முடிய நூறு, நூற்றைம்பது வருடம் எடுத்துக்கொண்டது.

எங்களுக்குக் குழு இருந்தது. ஒரே கோடையில் முடித்துவிட்டோம்.